சண்பகச் சாலையும் வேப்பமரச் சாலையும்

பெங்களூரு மாநகரின் வடமேற்குப் பகுதியாகிய மல்லேஸ்வரத்தில் வாழும் தமிழர் அனைவரும் இரண்டு சாலைகளை நன்கு அறிவர். ஒன்று சம்பிகே சாலை. மற்றொன்று மார்கோசா சாலை. வடக்குத் தெற்காக, ஒன்றற்கொன்று இணையாய்ச் செல்லும் இவ்விரு சாலைகளையும் வரிசையான குறுக்குத் தெருக்கள் ஏணிப்படிகளைப்போல் இணைக்கின்றன. எட்டாவது கிராஸில் பூச்சரம் வாங்குவதற்கும், காய்கறி வாங்குவதற்கும், கோயிலுக்குச் செல்வதற்கும் நாம் நாள்தோறும் இச்சாலைகளில் நடக்கின்றோம். ஆயினும் அவற்றின் பெயர்களை நின்று எண்ணிப் பார்த்தவர் நம்முள் சிலரே. சம்பிகே என்று கன்னட மக்கள் வழங்குவது நம்முடைய சண்பகமே. மார்கோசா என்பது, கசப்பு என்னும் பொருளுடைய போர்த்துக்கேசியச் சொல்லிலிருந்து வேம்புக்கு வந்த பெயர். ஆகவே ஒன்று சண்பகச் சாலை. மற்றொன்று வேப்பமரச் சாலை.

சண்பகம் மழை மிகுந்த மலைக்காட்டில் பிறந்த மரம். வேம்பு வெயில் காயும் சமவெளிக்கு உரிய மரம். இயற்கையில் இவ்விரண்டும் வேறு வேறு உலகங்களைச் சேர்ந்தவை. மல்லேஸ்வரத்திலோ அவை கூப்பிடு தூரத்தில் அண்டை அயலாராய் நிற்கின்றன. இஃது எங்ஙனம் நேர்ந்தது? ஒரு மரம் ஓரிடத்தில் தானே வளர்வதற்கும், மனிதர் நட்டு வளர்ப்பதற்கும் உள்ள வேறுபாடு யாது? இவ்வினாக்களுக்கு விடை தேடிச் சென்றால், உலகத்தின் நிலப்பரப்பையும் அதில் வாழும் உயிர்களையும் மனிதன் அறிந்துகொண்ட வரலாறு முழுவதும் நம் கண்முன் விரியும்.

தட்பவெப்பமும் மழையும் ஒத்திருக்கும் பெரும்பரப்பில், அவற்றிற்கு ஏற்ற செடிகொடிகளும், அச்செடிகொடிகளுக்கு ஏற்ற விலங்குகளும் பறவைகளும் ஒரு குடும்பம்போல் அமைந்து வாழ்கின்றன. இத்தகைய பெருங்குடும்பத்தை விஞ்ஞானிகள் ‘பயோம்’ என்பர். நம் பாடநூல்கள் இதனைப் பல்லுயிர்த் தொகுதி என்று குறிக்கின்றன. பெயர் புதிது; ஆனால் நிலத்தையும் உயிரையும் சேர்த்துக் காணும் நோக்கு தமிழருக்குப் புதிதன்று.

தொல்காப்பியம் காடு, மலை, நீர்வளம் பொருந்திய வயல், பெருமணல் பரந்த கடற்கரை என நான்கு நிலங்களைக் கூறுகின்றது. இவையே முல்லை, குறிஞ்சி, மருதம், நெய்தல் என்று பெயர் பெற்றன. நிலத்தோடு பொழுதையும் சேர்த்து முதற்பொருள் என்றனர் நம் முன்னோர். முல்லைக்குக் கார்காலம், குறிஞ்சிக்குக் கூதிரும் முன்பனியும், பாலைக்கு வேனிலும் நண்பகலும் எனக் காலத்தை வகுத்தனர். அதன் பின்னரே அந்நிலத்துக்குரிய மரம், பூ, விலங்கு, பறவை, உணவு, தொழில் ஆகியவற்றைக் கருப்பொருள் என வரிசைப்படுத்தினர். நிலமும் பருவமும் முதல், உயிர்கள் அவற்றின் வழிப்பட்டவை என்னும் இம்முறை எண்ணி மகிழத்தக்கது.

பாலையைப் பற்றிய கருத்து இன்னும் நுட்பமானது. பாலைக்குத் தனி நிலம் இல்லை. முல்லையும் குறிஞ்சியும் வேனிலின் வெம்மையால் தம் இயல்பு திரிந்து பாலையாகும் என்று சிலப்பதிகாரம் கூறுகின்றது. நிலம் என்றும் ஒரே நிலையில் இராது. மழை மாறினால் நிலமும் மாறும் என்னும் உண்மை இதில் அடங்கியுள்ளது. எனினும் ஒன்றை நாம் மறத்தலாகாது. திணைப் பகுப்பு அகவாழ்வைப் பாடுதற்கு அமைந்த இலக்கிய நெறி. அதனை இக்கால விஞ்ஞானம் என்று சொல்லிப் பெருமை கொள்ளுதல் முறையன்று. நிலத்தை உற்று நோக்கிய மக்கள் படைத்த நெறி அது என்று கொள்ளுவதே பொருந்தும்.

ஐரோப்பாவில் இத்துறைக்கு வழி வகுத்தவர் ஜெர்மானிய அறிஞர் அலெக்சாண்டர் வான் ஹம்போல்ட். அவர் 1799 முதல் 1804 வரை தென்னமெரிக்காவிலும் அதனை அடுத்த நாடுகளிலும் பயணம் செய்தார். 1802இல், இன்றைய ஈக்வடார் நாட்டில் உள்ள சிம்பொராசோ மலைமீது ஏறினார். அடிவாரத்தில் வெப்பநாட்டுக் காடு, மேலே செல்லச் செல்லக் குளிர்நாட்டு மரங்கள், அதற்கும் மேலே புல், பின்னர்ப் பாசி, உச்சியில் பனி. நிலநடுக்கோட்டிலிருந்து துருவம்வரை பூமி முழுவதும் காணக்கூடிய மாற்றங்களை அவர் ஒரே மலையில் அடுக்கடுக்காகக் கண்டார். தாவரங்களின் நிலவியலைப் பற்றி அவர் எழுதிய நூல் 1807இல் வெளிவந்தது. இமயமலையையும் இவ்வாறே ஆராய அவர் பெரிதும் விரும்பினார். ஆனால் இந்தியாவுக்கு வரக் கிழக்கிந்தியக் கம்பெனியின் அனுமதி அவருக்குக் கிட்டவில்லை.

ஹம்போல்ட் தொடங்கியதை மற்றவர் வளர்த்தனர். விளாதிமிர் கோப்பென் என்பவர் 1884இல் உலகத்தின் வெப்ப மண்டலங்களைப் படமாக வரைந்தார். பின்னர் மழையையும் வெப்பத்தையும் கொண்டு உலகின் தட்பவெப்பங்களை வகைப்படுத்தினார். ஆண்ட்ரியாஸ் ஷிம்பர் என்பவர் 1898இல் வெளியிட்ட பெருநூலில், செடிகளின் உடலமைப்பே அவை வாழும் தட்பவெப்பத்துக்கு விடையாக அமைந்தது என்று விளக்கினார். மழைக்காடு என்று நாம் இன்று எளிதாகச் சொல்லும் சொல்லும் அந்நூலின் வழியே பரவியது. பின்னர் அமெரிக்க அறிஞர்களான கிளமெண்ட்ஸும் ஷெல்ஃபர்டும் 1939இல் எழுதிய நூலில் செடிகளையும் விலங்குகளையும் பிரிக்காமல் ஒன்றாக வைத்துப் பயோம் என்னும் கருத்தை நிலைநாட்டினர். இந்தியக் காடுகளை வகைப்படுத்தும் பணியை 1936இல் சாம்பியன் என்னும் வன அதிகாரி செய்தார். 1968இல் அவரும் சேத் என்பவரும் அதனைத் திருத்தி விரிவாக்கி, 16 வகைத் தொகுதிகளாக அமைத்தனர்.

இனி, உலகத்தை ஒரு முறை சுற்றி வருவோம். நிலநடுக்கோட்டை ஒட்டி மழைக்காடு. அங்கே நீருக்குப் பஞ்சமில்லை, ஒளிக்கே போட்டி. ஆகவே மரங்கள் வானளாவ ஓங்குகின்றன. இலையின் நுனி கூர்ந்து நீண்டு மழைநீரை விரைவில் வடிய விடுகின்றது. அதற்கு வடக்கும் தெற்கும் மழைக்காலமும் கோடையும் மாறி மாறி வரும் நிலம். அங்கு மரங்கள் கோடையில் இலையுதிர்த்து நீரைச் சேமிக்கின்றன. இடையிடையே புல்வெளி பரந்து கிடக்கின்றது. புல்லின் வளரும் முனை மண்ணை ஒட்டி இருப்பதால், மாடு மேய்ந்தாலும் தீ எரித்தாலும் அது மீண்டும் துளிர்க்கின்றது. அதற்கப்பால் பாலைவனம், பின்னர்க் குளிர்நாட்டின் இலையுதிர் காடுகள், அதற்கும் வடக்கே, பனி சரிந்து விழும்படி கூம்பு வடிவில் நிற்கும் ஊசியிலை மரங்கள், முடிவில் மரமே இல்லாத, உறைந்த மண் உடைய தூந்திர வெளி. இவற்றுள் பலவற்றைக் காண நாம் கடல் கடக்கவேண்டுவதில்லை. ஊசியிலைக் காட்டை இமயத்திலும், குளிர்ப்பாலையை லடாக்கிலும், மூச்சுவிடும் வேர்களை மேலே நீட்டி உப்புநீரில் நிற்கும் அலையாத்திக் காட்டைச் சிதம்பரத்தை அடுத்த பிச்சாவரத்திலும் காணலாம்.

இவ்வகைகளின் சிறப்பு ஒன்றை நம் ஊர்க் கள்ளி நன்கு விளக்கும். வறண்ட கரட்டில் நிற்கும் சதுரக்கள்ளியையும் அமெரிக்கப் பாலைவனத்துக் கள்ளிகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால் உடன்பிறப்புகள் என்றே தோன்றும். இரண்டிலும் தடித்த பச்சைத் தண்டு, இரண்டிலும் முள், இரண்டிலும் இலை அருகிப் போயிற்று. ஆனால் அவை உறவினர் அல்ல. நம் கள்ளியைக் கீறினால் பால் வடியும். அமெரிக்கக் கள்ளிகளில் அத்தகைய பால் பொதுவாக இல்லை. வேறு வேறு குலத்தில் பிறந்த இரு செடிகள், ஒரே வகை வறட்சியை எதிர்த்து நின்று, ஒரே வடிவத்தை அடைந்தன. நிலமும் மழையும் உயிர்களை எவ்வளவு ஆழமாக உருவாக்குகின்றன என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டா.

இப்பொழுது மல்லேஸ்வரத்துக்குத் திரும்புவோம். கர்நாடகத்தின் மேற்கே மேற்குத் தொடர்ச்சி மலை கோட்டைமதில்போல் நிற்கின்றது. தென்மேற்குப் பருவக்காற்று அம்மதிலில் மோதி மேலே எழுந்து, குளிர்ந்து, தன் நீரைக் கொட்டிவிடுகின்றது. ஆகும்பே என்னும் மலையூரில் ஆண்டுக்கு ஏறக்குறைய 7,000 மில்லிமீட்டர் மழை பெய்கின்றது. மலையைத் தாண்டிக் கிழக்கே வருங்கால் காற்று வறண்டுவிடுகின்றது. கடல் மட்டத்திற்கு மேல் சுமார் 920 மீட்டர் உயரத்தில் உள்ள பெங்களூருவில் மழை 1,000 மில்லிமீட்டரை ஒட்டி நின்றுவிடுகின்றது. வடக்கே சித்திரதுர்க்கம் பக்கம் சென்றால் அதனினும் குறைவு. சில நூறு கிலோமீட்டருக்குள் மழைக்காடு, இலையுதிர் காடு, முட்புதர் வெளி ஆகிய மூன்றையும் பேருந்தின் சன்னல் வழியே கண்டுவிடலாம்.

சண்பகம் இவற்றுள் முதல் வகைக்கு உரியது. மேற்கு மலையின் பசுமைமாறாக் காடுகளிலும் கிழக்கு இமயச் சரிவுகளிலும் அது தானே வளர்கின்றது. ஆண்டு முழுதும் இலை தாங்கி நிற்கின்றது. இலை அகன்றது; நுனி கூர்ந்தது. மணம் மிக்க மலரால் வண்டுகளை அழைக்கின்றது. செந்நிறத் தசை போர்த்த விதையைப் பறவைகளுக்கு ஊட்டிப் பரப்புகின்றது.

வேம்பின் வாழ்க்கை வேறு. அதன் வேர் ஆழ இறங்குகின்றது. இலை சிறுசிறு கூறுகளாகப் பிரிந்துள்ளது. 500 மில்லிமீட்டர் மழை கிடைத்தாலும் அதற்குப் போதும். கோடையின் தொடக்கத்தில் பழைய இலையை உதிர்த்துப் புதுத்தளிர் விட்டு, மற்றச் செடிகள் வாடும் வேளையில் பூத்துக் குலுங்குகின்றது. கன்னடியர் யுகாதியன்று வேம்பையும் வெல்லத்தையும் சேர்த்து உண்பதும், நாம் சித்திரைப் பிறப்பன்று வேப்பம்பூப் பச்சடி செய்வதும் அம்மரத்தின் பருவத்தை ஒட்டி எழுந்த வழக்கங்களே. வேப்பம்பழம் ஆனி, ஆடியில் பழுக்கின்றது. அதன் விதை நெடுநாள் உயிர் தாங்காது. ஆகவே மழை தொடங்கும் காலம் பார்த்து அது மண்ணில் விழுகின்றது. வறண்ட நாட்டின் காலக்கணக்கு அவ்விதைக்குள் எழுதப்பட்டுள்ளது என்னலாம்.

அங்ஙனமாயின், மல்லேஸ்வரத்தின் இயற்கை நிலம் எது? இவ்வூருக்குப் பெயர் தந்த கோயிலின் பெயரே காடு மல்லேஸ்வரர் கோயில். இக்கோயிலுக்கு 1669ஆம் ஆண்டில் ஏகோஜி என்னும் மராட்டியத் தலைவர் கொடையளித்ததைக் கல்வெட்டு தெரிவிக்கின்றது. இவர் சத்திரபதி சிவாஜியின் சகோதரர். பின்னர்த் தஞ்சாவூரில் மராட்டிய ஆட்சியை நிறுவியவரும் இவரே. தஞ்சையிலிருந்து மல்லேஸ்வரத்துக்கு வந்த தமிழருக்கு இச்செய்தி ஓர் உறவை நினைவூட்டும்.

காடு என்றவுடன் நம் மனத்தில் அடர்ந்த வனம் தோன்றுகின்றது. ஆனால் நம் கொங்கு நாட்டில் காட்டுக்குப் போகிறேன் என்று ஓர் உழவர் சொன்னால், அவர் வானம் பார்த்த புன்செய்க்குப் போகின்றார் என்பது பொருள். காடு என்ற சொல்லுக்குள் மரச்செறிவு மட்டுமன்று, புல்லும் புதரும் கொல்லையும் அடங்கும். பெங்களூருவின் பழைய நிலமும் பெரும்பாலும் இத்தகையதே. அங்கங்கே மரம், இடையே புல், முட்புதர், பாறை, கேழ்வரகு விளையும் புன்செய் என்று அமைந்த மேட்டுநிலம் அது. நம் திணை வழக்கில் சொல்வதாயின் முல்லைக்கு அணித்தானது. மல்லேஸ்வரத்தை அடுத்து 1909இல் நிறுவப்பெற்ற இந்திய விஞ்ஞானக் கழகத்தின் வளாகமும், இன்று நிழல் செறிந்து காணப்படினும், அந்நாளில் புதர் மண்டிய மேடாகவே இருந்தது.

இந்நகரத்தில் பெரிய ஆறு இல்லை. ஆகவே 1537இல் கெம்பே கௌடர் நகரை அமைத்த காலந்தொட்டு ஏரிகளே மக்களைக் காத்தன. மல்லேஸ்வரத்தின் அருகே உள்ள சாங்கி ஏரி 1882இல் ரிச்சர்ட் சாங்கி என்னும் படைப்பொறியாளர் காலத்தில், நகரின் நீர்த்தேவைக்காக அமைந்தது. அதன் கரையில் காலையில் உலாவும் நாம் அதனை இயற்கை ஏரி என்று எண்ணிவிடுகின்றோம். அது மனிதர் கட்டிய கரைக்குள் தேங்கிய மழைநீர். அவ்வாறே, நகரின் மேல் கவிந்துள்ள நிழலும் பெரிதும் மனிதர் நட்டதே.

1898இல் பெங்களூருவில் கொள்ளைநோய் பரவியது. நெருக்கமான பழைய பேட்டையை விட்டு மக்கள் வெளியேறினர். காற்றும் வெளிச்சமும் உள்ள புதிய குடியிருப்புகளாக மல்லேஸ்வரமும் பசவனகுடியும் வளர்ந்தன. அகன்ற தெரு, வீட்டைச் சுற்றித் தோட்டம், ஓரத்தில் மரம் என்பது அவற்றின் அமைப்பு. ஷிம்பரின் நூல் ஜெர்மனியில் வெளிவந்ததும் அதே 1898ஆம் ஆண்டில் என்பதை இங்கே நினைவு கூரலாம். ஒருபுறம் மரங்கள் எங்கே, ஏன் தாமே வளர்கின்றன என்பதை மனிதன் கண்டறிந்தான். மறுபுறம் அவற்றைப் பெயர்த்து வேண்டிய இடத்தில் வைக்கத் துணிந்தான்.

1760இல் ஹைதர் அலி தொடங்கிய லால்பாக் தோட்டம் அப்பணிக்குத் தாய்வீடாயிற்று. அங்கே கண்காணிப்பாளராயிருந்த ஜான் கேமரானும், அவர்க்குப் பின் 1908இல் வந்த ஜெர்மானியர் கிரும்பிகலும் பல நாட்டு மரங்களை வரவழைத்துப் பழக்கினர். ஒரு மரம் பூத்து ஓயுமுன் மற்றொன்று பூக்கும்படி தெருக்களில் மரங்களைத் தேர்ந்து நடும் முறை கிரும்பிகலின் பெயரோடு சேர்த்துப் பேசப்படுகின்றது.

அம்மரங்களின் பிறந்தகம் எவை? மாலையில் இலை மடித்து உறங்கும் தூங்குமூஞ்சி மரம் நடு அமெரிக்காவிலும் தென்னமெரிக்காவின் வடபகுதியிலும் பிறந்தது. சித்திரை வெயிலில் செந்தீப்போல் பூக்கும் குல்மோஹர் மடகாஸ்கர் தீவின் இலையுதிர் காட்டுக்கு உரியது. ஊதா மலர் சொரியும் ஜாகரண்டா அர்ஜென்டினா, பொலிவியா நாடுகளினின்று வந்தது. நெட்டையாய் நிற்கும் சில்வர் ஓக் ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரையைச் சேர்ந்தது. இவற்றுள் முதல் மூன்றும் நான்கு திங்கள் வறட்சியைத் தம் தாயகத்திலேயே பழகியவை. ஆகவே இங்குள்ள மாசி, பங்குனி வறட்சி அவற்றிற்கு அந்நியமாகத் தோன்றவில்லை. ஊர் வேறாயினும் பருவம் ஒன்று. இதுவே அவை இங்கு வேரூன்றியதன் மறைபொருள்.

வந்த விருந்தினர் அனைவரும் அடக்கமாயிருந்தனர் என்று சொல்லவியலாது. அமெரிக்கக் குலத்தைச் சேர்ந்த சப்பாத்திக்கள்ளியைச் சாயப்பூச்சி வளர்ப்பதற்காக 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் சென்னையில் வளர்த்தனர். சாயத் தொழில் தழைக்கவில்லை; கள்ளியோ தழைத்தது. தென்னாட்டின் வயலோரங்களையும் மேய்ச்சல் நிலங்களையும் அது கவ்விக்கொண்டது. தாயகத்தில் அதனைத் தின்று கட்டுப்படுத்தும் பூச்சி இங்கு இல்லை. 1926இல் அத்தகைய பூச்சியை இலங்கையிலிருந்து கொண்டுவந்து விட்ட பின்னரே, சில ஆண்டுகளில் அக்கள்ளி அடங்கியது. ஓர் உயிரைப் பெயர்க்கும்போது நாம் அதனை மட்டுமே பெயர்க்கின்றோம்; அதற்குரிய சுற்றத்தை விட்டுவிடுகின்றோம் என்னும் பாடத்தை இந்நிகழ்ச்சி கற்பித்தது.

தைலமரத்தின் வரலாறு இதனினும் பெரியது. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த இம்மரம் 1790ஆம் ஆண்டை ஒட்டித் திப்பு சுல்தானின் நந்திமலைத் தோட்டத்துக்கு வந்தது. அங்குத் தோன்றிய கலப்பினம் மைசூர்த் தைலமரம் என்று பெயர் பெற்று நாடெங்கும் பரவியது. விரைவில் வளரும், காகித ஆலைக்கும் விறகுக்கும் உதவும், ஆடுமாடு தின்னாது. ஆனால் அதன் வேர் ஆழத்து நீரைத் தேடிச் செல்லும். பெங்களூருவை அடுத்த ஹொசகோட்டேயில் நடந்த ஆய்வு 1997இல் வெளியாயிற்று. ஆழமான மண்ணில் வளர்ந்த தைலமரம், பெய்த மழையினும் அதிக நீரைச் செலவிட்டது என்றும், மண்ணின் அடியில் முன்பே சேர்ந்திருந்த ஈரத்தை அது எடுத்துக்கொண்டது என்றும் அவ்வாய்வு காட்டியது. 2017இல் கர்நாடக அரசு புதிதாகத் தைலமரம் நடுவதற்குத் தடை விதித்தது.

இங்கே நாம் ஓர் அடிப்படைத் தவற்றைக் காண்கின்றோம். மரம் இல்லாத நிலம் வீண்நிலம் என்னும் எண்ணமே அது. நீலகிரிக்குச் சென்ற ஆங்கிலேயர், மடிப்புகளில் சிறு சோலைகளும் மேடுகளில் பரந்த புல்லும் இருக்கக் கண்டனர். சிலர் அப்புல்வெளியைக் காடழிந்த நிலம் என்று கருதினர். 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியிலேயே அங்குத் தைலமரமும் ஆஸ்திரேலிய வாட்டில் மரமும் நடலாயினர். விடுதலைக்குப் பின்னரும் அப்பணி தொடர்ந்தது.

அப்புல்வெளி உண்மையிலேயே அழிந்த காடுதானா? மல்லேஸ்வரத்தின் அண்டையிலுள்ள விஞ்ஞானக் கழகத்தைச் சேர்ந்த ஆர். சுகுமாரும் அவருடன் பணியாற்றியோரும் இதற்கு விடை கண்டனர். அக்கழகத்தில் 1983இல் மாதவ் காட்கில் தொடங்கிய சூழலியல் மையத்தில் பணிபுரிந்தவர் சுகுமார். நீலகிரியின் சதுப்பு மண் ஆண்டாண்டாகப் படிந்த செடிகளின் மிச்சம். அதன் அடுக்குகளில் உள்ள கரியணுவை ஆராய்ந்தால், எவ்வடுக்கில் வெப்பநாட்டுப் புல் மிகுந்தது, எவ்வடுக்கில் மரமும் பிற செடியும் மிகுந்தன என்பது புலப்படும். 1993இல் வெளியான அவர்களது ஆராய்ச்சி, சுமார் 20,000 ஆண்டுகளின் கதையைக் கூறியது. பனியூழியின் உச்சத்தில் பருவமழை தளர்ந்து, அம்மலைமேல் புல்லே ஓங்கியிருந்தது. பின்னர் மழை வலுத்தபோது மற்றத் தாவரங்கள் பெருகின. ஆகவே புல்வெளி கோடரியால் பிறந்ததன்று; மனிதர் உழுதொழில் தொடங்குமுன்பே அங்கு வாழ்ந்தது. முல்லையும் குறிஞ்சியும் திரியும் என்ற முன்னோர் கருத்து நம் நினைவுக்கு வருகின்றது.

அப்புல்வெளியை நம்பி வாழும் உயிர்கள் பல. செங்குத்துப் பாறையில் தடுமாறாமல் ஏறும் குளம்புடைய வரையாடு, தமிழ்நாட்டின் மாநில விலங்கு. பகை கண்டால் அது பாறைக்கு ஓடும். பசித்தால் புல்வெளிக்கு வரும். புல்வெளி மரத்தோப்பாகிவிட்டால் அதற்கு மேய்ச்சலும் இல்லை. தொலைவில் வரும் பகையைக் காணும் திறந்த வெளியும் இல்லை. அதனைக் காக்கத் தமிழ்நாடு அரசு 2022இல் தனித்திட்டம் வகுத்தது. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒரு முறை மலையை நீலமாக்கும் குறிஞ்சியும் அவ்வெளியின் செல்வமே. அது 2006இலும் 2018இலும் பூத்தது.

சமவெளியில் நிலைமை இன்னும் கவலைக்குரியது. திறந்த புல்வெளியில் விரைந்தோடித் தப்பும் வெளிமானுக்கு அடர்ந்த தோப்பு ஏற்றதன்று. அதே வெளியில் தரையில் ஒரே முட்டையிட்டு வாழும் பெரும்பறவை கானமயில். தக்காணப் பீடபூமியில் ஒரு காலத்தில் பரவலாக வாழ்ந்த அப்பறவை இன்று நாடு முழுவதிலும் 150க்கும் குறைவாகவே எஞ்சியுள்ளது. அவற்றுள் மிகப் பெரும்பாலானவை இராஜஸ்தானத்தில் உள்ளன. அதனைக் கூண்டில் வளர்த்துப் பெருக்கும் முயற்சி 2019 முதல் ஜெய்சல்மேரில் நடைபெறுகின்றது. வேட்டை, மின்கம்பி, உழவு எனக் காரணங்கள் பல உள. ஆனால் அதன் வீட்டை நாம் தரிசு என்று எழுதிவைத்ததும் அவற்றுள் ஒன்று. தரிசு என்று ஏட்டில் ஏறிய நிலத்துக்காக வாதாட எவரும் முன்வருவதில்லை.

இது வெளிமாநிலத்தில் வாழும் நம்மையும் தொடும் செய்தி. நம்மிற் பலருக்கு ஊரில் இன்னும் ஒரு துண்டு நிலம் உண்டு; ஊர்ப் பொதுக்காரியத்துக்கு ஆண்டுதோறும் பணம் அனுப்பும் வழக்கமும் உண்டு. மேய்க்கால் புறம்போக்கு சும்மா கிடக்கின்றதே, அதில் ஆயிரம் மரக்கன்று நடுவோம் என்று ஊரார் கேட்டால், நல்ல காரியம் என்று உடனே இசைந்துவிடுகின்றோம். நோக்கம் நல்லதே. ஆயினும் கன்று வாங்குமுன் கேட்கவேண்டிய வினாக்கள் சில உள. அந்நிலத்தில் இப்பொழுது என்ன வளர்கின்றது? எவருடைய ஆடு அங்கு மேய்கின்றது? மழை எத்தனை? ஏரிக்கு நீர் வரும் வழி அதன் ஊடே செல்கின்றதா? நாம் நடப்போகும் மரம் அந்நாட்டு வறட்சியைத் தாங்குமா, அன்றி அடிநீரைத் தேடிச் சென்று அண்டைக் கிணற்றை வற்றச் செய்யுமா? பள்ளி முற்றத்திலும் சாலையோரத்திலும் குளக்கரையிலும் மரம் நடுதல் அறம். புல்லுக்குரிய நிலத்தைப் புல்லாக விட்டுவைத்தலும் அறமே. புல்வெளியின் செல்வம் மேலே தெரிவதில்லை. வேரிலும் மண்ணிலும் கரியாகவும் ஈரமாகவும் அது சேர்ந்து கிடக்கின்றது.

பிறந்த மண்ணை விட்டு வந்து வேற்று மண்ணில் வேரூன்றிய மரங்களைப் பற்றிப் பேசும்போது, நம்மைப் பற்றிய எண்ணமும் எழுதல் இயல்பே. இவ்வுவமையை எல்லை மீறி நீட்டுதல் தகாது. மரத்துக்குத் தன் இயல்பை மாற்றிக்கொள்ளப் பல்லாயிரம் தலைமுறை வேண்டும். மனிதனோ ஒரே தலைமுறையில் புதிய மொழியைக் கற்கின்றான், புதிய உணவை உண்கின்றான், அண்டை வீட்டாரின் யுகாதியில் பங்கு கொள்கின்றான். மரம் தன் நிலத்தை ஆராய்ந்து அறியாது, மனிதன் அறியக்கூடும். அறியக்கூடிய காரணத்தால், வந்த இடத்தின் நிலத்தையும் நீரையும் தெரிந்து நடத்தல் அவன் கடமையுமாகின்றது. சாங்கி ஏரி ஒரு மழைநீர்த் தேக்கம் என்பதை உணர்ந்தவர், தம் வீட்டுக் குழாயில் வரும் நீரையும், நெடுந்தொலைவிலிருந்து மேலேற்றி வரப்பெறும் காவிரி நீர் என்று உணர்ந்து செலவிடுவர்.

அடுத்த முறை பூக்கடைக்குச் செல்லும்போது சம்பிகே சாலையிலிருந்து மார்கோசா சாலைக்கு ஒரு குறுக்குத் தெரு வழியே நடந்து பாருங்கள். சண்பகம் நிற்பின் அதன் இலை நுனியையும், வேம்பு நிற்பின் அதன் தளிரையும் ஒரு கணம் நோக்குங்கள். குழந்தைகள் உடன் வந்தால், இது மேற்கு மலையின் மரம், இது நம் ஊர் வெயிலின் மரம், அதோ நிற்பது மடகாஸ்கரின் மரம் என்று சொல்லிக்கொடுங்கள். இவை எல்லாவற்றிற்கும் முன்னே இங்குப் புல்லும் முட்புதரும் கேழ்வரகுக் கொல்லையும் இருந்தன என்பதையும் மறவாமல் கூறுங்கள். கூறியபின், அத்தகைய நிலம் நம் ஊர்ப்புறத்தில் இன்னும் எஞ்சியிருப்பின், அதனைத் தரிசு என்று அழையாமல் அதற்குரிய பெயரால் அழைக்கப் பழகுவோமாக.